கோட்டுக்காரன் தவசில் வந்தான்

திரையில் ஒரு பாலம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

சின்னப் பாலம் இல்லை. மேலே ரயில் ஓடுகிறது, கீழே பனிக்கட்டி மிதக்கிற ஆறு. ரயிலின் கூரைமேல் நம்ம ஆள் ஓடுகிறான், கோட்டில் ஒரு பொத்தான்கூட அவிழாமல். தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிகிற சத்தம், நான் புதிதாக வாங்கிப் போட்டிருந்த ஸ்பீக்கர்களில் இடி மாதிரி உருண்டது.

அந்த வெளிச்சத்தில், திரைக்குக் கீழே, இரண்டு பேர் குனிந்து நின்று தரையை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"மேடைக்கு இவ்வளவு போதும். மாப்பிளைக்கும் பொண்ணுக்கும் ரெண்டு நாற்காலி, பொறத்தால பூ அலங்காரம்," என்றான் ஒருவன்.

"ஏலே, தலையக் குனி. படம் மறைக்கு," என்றேன் கடைசி வரிசையிலிருந்து.

அவன் நிமிர்ந்து தியேட்டரை ஒரு சுற்றுப் பார்த்தான். "யாருக்கு அண்ணாச்சி மறைக்கு?"

நியாயமான கேள்விதான். சனிக்கிழமை மேட்னி. படம் வெளியாகி இரண்டாவது நாள். பால்கனியில் ஒரு ஜோடி. கீழே, பரீட்சை நேரத்தில் வீட்டுக்குத் தெரியாமல் வந்த நாலைந்து பையன்கள். மூன்றாவது வரிசையில் வெயிலுக்கு ஒதுங்கிய ஐஸ்காரர் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பாலம் முழுவதும் விழுந்து முடிந்ததும் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆள் நிறைந்த தியேட்டரில் ஃபேன் சத்தம் கேட்கவே கேட்காது. அந்தச் சத்தத்தை அத்தனை வருஷத்தில் நான் அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டேன்.

அவன் எங்கள் ஆள் ஆன கதை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் தியேட்டரைப் பற்றித் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. டூரிங் கொட்டகையில் சோடா விற்க நுழைந்தவன், கோட்டாறிலிருந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டில் ஒரு தியேட்டரையே குத்தகைக்கு எடுத்து நடத்துகிற அளவுக்கு வந்தேன். யாருடைய சிபாரிசும் கிடையாது. என் முழங்கை பலம், என் தொண்டை பலம், அவ்வளவுதான்.

கட்டிடம் என்னுடையது இல்லை. அது கோட்டாறு ஹாஜியாருடையது. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கோட்டுக்காரன் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு உளவாளி. இங்கிலீஷ் படம், தமிழில் பேச வைத்து அனுப்புவார்கள். ஒன்று ஓடியதும் இரண்டு, இரண்டு ஓடியதும் மூன்று என்று வரிசையாக வந்த படங்கள். சென்னைக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் நுழையாத ஒரு தமிழ்ப் பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கோட்டுக்காரன் ஒண்ணு, கோட்டுக்காரன் ரெண்டு, அப்படித்தான். என் சுவரொட்டியிலேயே அப்படி அச்சடித்தேன். சென்னையிலிருந்து போன் போட்டுக் கேட்டார்கள். "படம் பார்க்கிறவன் வச்ச பேரு சார், நான் வச்சதில்லை," என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெயரை வைத்தது பெர்னதம்மாள். கடற்கரையில் மீனை மொத்தமாக ஏலம் எடுத்துக் கோட்டாறுச் சந்தைக்கு வண்டி அனுப்புகிறவள். இரும்புக் குரல். அவள் ஒரு படம் நன்றாயிருக்கிறது என்று சொன்னால், மறுநாள் அவள் தெருவே வேனில் வந்து இறங்கும்.

சுனாமியில் கடல் ஏறி வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அது. கடற்கரையில் ஒருத்தருக்கும் சினிமா பார்க்கிற மனசு இல்லை. நானும் அந்தப் பக்கம் விளம்பர ஆட்டோ அனுப்பவில்லை. அனுப்பத் தோன்றவில்லை. மாதக் கணக்கில் தியேட்டர் பாதிக்குப் பாதி காலியாகக் கிடந்தது.

டிசம்பரில் கோட்டாறு கோயில் திருவிழா வந்தது. மாவட்டமே கூடுகிற நாட்கள். மதுரையில் ஓடித் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த ஒரு பிரிண்ட், சும்மா கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கோட்டுக்காரனின் முதல் படம். டவுன் தியேட்டர்காரர்கள் சிரித்தார்கள். நான் மைக்கைப் பிடித்து ஆட்டோவில் உட்கார்ந்து, திருவிழாக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போனேன். "வெள்ளக்காரன் ஒருத்தன் வந்திருக்கான், எந்த வெயில்லயும் கோட்டக் கழத்த மாட்டான், வந்து பாருங்கோ" என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெர்னதம்மாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பேசாமல் வந்து பேசாமல் உட்கார்ந்தார்கள்.

படத்தில் ஒரு சந்தை வரும். கோட்டுக்காரன் மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு போகும்போது ஒரு மீன் கடையைக் கவிழ்த்துவிட்டுப் போவான். மீன் எல்லாம் தெருவில் சிதறும். பெர்னதம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"லேய் கோட்டுக்காரா, மீனுக்குக் காசு யாருல தருவா? நில்லுல."

ஒரு ஓரத்தில் ஒரு பெண் சிரித்தாள். அது பரவி, கீழே, பால்கனி, ஆபரேட்டர் அறை, எல்லா இடத்திலும் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்கள். கடற்கரைக்காரர்கள் கூட்டமாகச் சிரித்ததை அந்த ஒரு வருஷத்தில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதோடு அவன் எங்கள் ஆள் ஆகிவிட்டான்.

உடைக்க உடைக்க விலை

அந்த முதல் படத்தை மாவட்டம் முழுக்க ஓட்டுகிற உரிமைக்கு நான் கொடுத்தது, ஒரு பழைய அம்பாசடர் காரின் விலை. அதிலும் பேரம் பேசிக் குறைத்தேன்.

இரண்டாவது படம் வந்தபோது புது ஜீப்பின் விலை கேட்டார்கள். என்ன இது என்று நான் மதுரைக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். முதல் படத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு மீன் கடையும்தான் செலவு. இதில் வரிசையாகக் கார்கள் மலையிலிருந்து உருள்கின்றன, ஒரு ஹெலிகாப்டர் எரிகிறது. அப்போது எனக்குச் சூத்திரம் பிடிபட்டது. அங்கே எவ்வளவு உடைக்கிறானோ, இங்கே அவ்வளவு விலை. அதற்குப் பிறகு ட்ரெய்லரைப் பார்த்தே விலையைச் சொல்லுவேன். சென்னைக்காரன் வாயைத் திறக்குமுன் நான் சொன்ன விலை, பல தடவை சரியாகவே இருந்திருக்கிறது.

ரெண்டும் ஓடியது. மூணும் ஓடியது. மூன்றாவதில் ஒரு கப்பலையே மூழ்கடித்தார்கள். கடற்கரைக்காரர்கள் கப்பல் சரிகிற விதம் சரியில்லை என்று இடைவேளையில் சண்டை போட்டுவிட்டு, அந்தச் சண்டையைத் தீர்க்க மறுபடியும் டிக்கெட் எடுத்து வந்தார்கள். அந்தப் படத்தில் கிடைத்ததை வைத்துக் குலசேகரம் பக்கம், பால் வெட்டுகிற பருவத்தில் நின்ற ரப்பர் மரங்களோடு ஒரு துண்டு நிலம் வாங்கினேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பள்ளிக்கூடத்தில் என்னைப் பெஞ்சுமேல் ஏற்றிய வாத்தியார் உயிரோடு இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. படத்துக்குப் படம் அவர்கள் செலவு ஏறுகிறது. என் தியேட்டரில் நாற்காலி அதே நாற்காலிதான். அதற்குமேல் ஒன்று போட இடமில்லை. டிக்கெட் விலையை ஏற்றினால் கடற்கரைக்காரன் வருவானா?

என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அப்ப அடுத்ததை விட்டுருங்கோ," என்றாள்.

"கோட்டுக்காரனை வேற தியேட்டர்ல கொண்டு போடவா?"

"உங்க கூடப் பொறந்தவனாக்கும் அவன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

காலண்டர் படிக்கிற தொழில்

எங்கள் மாவட்டத்தில் படம் ஓட்டுகிறவன் கதையைப் பார்க்க வேண்டாம், காலண்டரைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய், மதியம் தூங்குவார்கள். அங்கே மேட்னி ஓடாது. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்ட முடியாது. அன்றைக்கு மேட்னி நிறையும். வானத்தைப் பார்த்துவிட்டுப் படப்பெட்டியை பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். கடற்கரையில் ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால் சனி மாலையும் ஞாயிறும் என்னுடையவை. வயல் பக்கம் அறுப்பு முடியும்வரை ஒரு ஆள் எட்டிப் பார்க்காது.

கோட்டாறில் நோன்பு மாதம். ஹாஜியாரின் தெருவிலிருந்து அந்த மாதம் முழுக்க ஒருத்தரும் தியேட்டர் பக்கம் வர மாட்டார்கள். பெருநாள் அன்றைக்கு மொத்தமாக வருவார்கள்.

ஹாஜியார் பெரிய மனுஷர். நோன்பு மாதம் வந்தால் என்னிடம் பாதி வாடகைதான் வாங்குவார். நான் கேட்டதே இல்லை. முதல் வருஷம் முழு வாடகையை நீட்டினேன். எண்ணிப் பாதியைத் திருப்பித் தந்தார். "எங்க ஆளுவ வராத மாசத்துக்கு நான் எப்படிய்யா முழுசா வாங்குவேன்?" என்றார். எங்களுக்குள் எழுத்தில் ஒன்றும் கிடையாது. அது வழக்கம், அவ்வளவுதான்.

அவர் காலமானபோது நான் மூன்று நாள் தியேட்டரைப் பூட்டினேன்.

மகன் அன்சார் துபாயிலிருந்து வந்தான். அங்கேயே படித்து வளர்ந்தவன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். வாயைத் திறந்தால் கணக்கு.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இந்த எடத்துல ஒரு கல்யாண மண்டபம் கட்டுனா, ஒரு முகூர்த்தத்துக்குக் கெடைக்கிறது உங்க ஒரு மாச வாடகை. கடக்கரைக்காரங்களுக்குப் பக்கத்துல மண்டபமே கெடையாது."

"தியேட்டரும் வேற கெடையாதே மக்கா."

"யாரு வாறா அண்ணாச்சி? நான் மூணு தடவ வந்து பாத்தேன். காலி."

"கோட்டுக்காரன் வரட்டும், அப்ப வந்து பாரு. நிக்க எடம் இருக்காது."

அவன் யோசித்தான். குத்தகை முடிகிற சமயம் அது. "சரி. அந்தப் படத்துக்கு ஹால் நெறஞ்சா, குத்தகையைப் புதுசா எழுதுவோம். நெறையல்லன்னா மண்டப வேலையத் தொடங்குவேன். வருத்தப்படப்பிடாது."

"நெறையும்," என்று கை கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்குப் படம். கிறிஸ்துமஸுக்குக் கோட்டுக்காரன் வந்தால் கடற்கரை முழுக்க என் வாசலில்தான் நிற்கும்.

தள்ளிப் போன தேதி

நாலாவது படத்துக்கு அவர்கள் கேட்ட விலையை இங்கே எழுத மனசு வரவில்லை. இப்படிச் சொல்கிறேன். குலசேகரத்து ரப்பர் நிலத்தை விற்றேன். முன்பெல்லாம் மாவட்டம் முழுக்க உரிமை தருவார்கள். இப்போது டவுன் தியேட்டர்கள் சென்னையோடு நேராகப் பேசித் தனியாக எடுத்துக்கொண்டன. என் ஒரு தியேட்டருக்கு மட்டும் இந்த விலை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் அவர்களுக்கு.

என் வீட்டுக்காரி சண்டை போடவில்லை. "படம் தந்தது, படமே எடுத்துக்கிட்டுது," என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நட்சத்திர விளக்கு கட்டுகிற நேரத்தில் சென்னையிலிருந்து போன். மேனேஜர் சந்தோஷமாகப் பேசினார்.

"சார், படம் இன்னும் பெரிசாயிடுச்சு. இன்டர்வெல்லுக்கு முன்னாடி ஒரு பாலத்தை உடைக்கிற சீன் சேர்த்து எடுக்கிறாங்க. பட்ஜெட் எங்கேயோ போயிடுச்சு."

"கொள்ளாம் சார், நல்ல காரியம். கிறிஸ்துமஸுக்கு வந்துருமில்லியா?"

"அதான் சார், மார்ச்சுக்குத் தள்ளியாச்சு. உலகம் பூரா ஒரே நாள்."

என் அறையில் காலண்டர் தொங்கியது. எடுத்துப் புரட்டினேன். விபூதிப் புதன் கழிந்து, ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிற வெள்ளிக்கிழமை.

"சார், அது தவசுக் காலம்."

"அப்படின்னா?"

"கடக்கரையில நாப்பது நாளு நோன்பு. படம் பாக்க மாட்டாங்க."

அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, தெரியாமல் சிரித்தார். "சார், லண்டன்லயும் கிறிஸ்டியன்ஸ்தான். அவங்களே பார்க்கிறாங்க."

லண்டன்காரர்கள் பெர்னதம்மாளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நான் பயப்பட வேண்டும். ஈஸ்டர்வரை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். முன்பு பிரிண்ட் என்றால் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டு, எனக்குத் தோன்றின நாளில் ஓட்டியிருப்பேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மெஷின். அவர்கள் தந்த தேதியில் திறக்கும், அவர்கள் தந்த தேதியில் பூட்டிக்கொள்ளும். இடையில் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

துணி போட்ட டிவி

மார்ச் பிறந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பெர்னதம்மாள் வீட்டு முற்றத்தில் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாரும் அண்ணாச்சி. உம்ம ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நெனச்சேன், கோட்டுக்காரன் வந்துட்டாம்னு."

"வாறான் பெர்னதா. வெள்ளிக்கிழமை."

அவள் கை நின்றது. "எந்த வெள்ளி?"

"இந்த வெள்ளி."

"அண்ணாச்சி, நீரு சோறுதான் திங்கீரா? தவசுல கொண்டு வாறீரு."

"நானா கொண்டு வாறேன்? அவனுவ தேதி வச்சா நான் என்ன செய்ய?"

உள்ளே கூப்பிட்டுக் கருப்பட்டிக் காப்பி தந்தாள். முன்னறையில் டிவி இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது. தவசில் கோயில் சுரூபச் சிலைகளைத் துணி போட்டு மூடுவார்கள். இவள் டிவியையும் மூடிவிட்டாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றாள்.

"ஒரு நாள் மட்டும், பெர்னதா. இந்த ஞாயித்துக்கெழமை மட்டும் ஒங்க தெருக்காரங்களைக் கூட்டிட்டு வா. ஹால் நெறையல்லன்னா தியேட்டரை மண்டபமாக்கிருவான் அந்தப் பையன்."

அவள் டிவிமேல் நழுவிய சேலையை இழுத்துவிட்டாள்.

"கடலு ஏறுன வருசம் நான் ஒரு நேர்ச்சை வச்சேன். எம் மக்க ரெண்டும் உயிரோட திரும்பிச்சு. அன்னையிலேருந்து தவசுன்னா எனக்கு மீனும் கெடையாது, காப்பியில சீனியும் கெடையாது, படமும் கெடையாது. உமக்காகப் போயி அத மாத்துவேனா, சொல்லும்."

நான் காப்பி டம்ளரை எடுத்தேன்.

"ஈஸ்டர் கழிஞ்சி வாறோம். அதுவரைக்கும் அவனைப் புடிச்சி வையும்."

"அதுக்குள்ள திருட்டு சிடி ஊரெல்லாம் வந்துருமே."

"வரட்டும். டிவியில துணி கெடக்குல்லா."

காப்பியைக் குடித்தேன். கருப்பட்டி வாசம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வருகிற வழியில் கோட்டாறில் ஒரு சிடி கடையைத் தாண்டும்போது, வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஃபேன் சத்தத்துக்கு நடுவில்

இனி அந்தச் சனிக்கிழமை மேட்னிக்கு வருகிறேன்.

பாலம் விழுந்து முடிந்தது. டேப் பிடித்தவர்கள் பால்கனி அளக்கப் போனார்கள். அன்சார் உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையைப் பார்க்கவில்லை, காலி நாற்காலிகளைத்தான் பார்த்தான்.

"அண்ணாச்சி, எனக்கு வெசனமாத்தான் இருக்கு. ஆனா சொன்னது சொன்னதுதானே."

கோட்டுக்காரன் திரையில் யாரையோ அடித்துக்கொண்டிருந்தான், எனக்கு உதவ அவனுக்கு நேரமில்லை. அப்போது பால்கனியிலிருந்து டேப்காரன் அன்சாரைக் கத்திக் கூப்பிட்டான். அவர்கள் தெருவில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"காக்கா, கடக்கரைக்காரங்க கல்யாணம்னா சாப்பாட்டு ஹால் இன்னும் நீளமா வேணும். எப்ப தொடங்கணும்?"

"அடுத்த மார்ச்சுல தெறக்கணும். அப்பதான் சீசன்," என்றான் அன்சார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. தூங்கிய ஐஸ்காரர் விழித்துக்கொண்டார்.

"எதுக்குச் சிரிக்கீங்க?"

"மார்ச்சுல கடக்கரையில ஒரு கல்யாணம் காட்டு மக்கா, நான் இந்தத் தியேட்டரை இப்பவே ஒழிஞ்சி தாறேன். தவசுல தாலி கட்ட மாட்டாங்க. சாமியாரு கல்யாணத்துக்குக் கோயில் கதவைத் தெறக்க மாட்டாரு. அவங்க படம் பாக்காத மாசத்துல கல்யாணமும் பண்ண மாட்டாங்க."

அவன் முகம் மாறியது. "இது எத்தன நாளு?"

"நாப்பது நாளு. உங்க நோன்பு மாதிரித்தான். உங்க தெருவுல நோன்பு மாசத்துல யாராச்சும் படத்துக்கு வருவாங்களா?"

"எப்படி வருவாங்க."

"அந்த மாசத்துல உங்க வாப்பா எங்கிட்ட எவ்வளவு வாங்குனாரு தெரியுமா?"

தெரியாது என்றான். சொன்னேன். பாதி வாடகையைத் திருப்பித் தந்ததையும், தந்தபோது சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவன் திரைப் பக்கம் திரும்பினான். கோட்டுக்காரன் ஆற்றிலிருந்து ஏறி வந்து கோட்டை உதறினான். தலையில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

"வாப்பா எங்கிட்ட இத சொன்னதில்ல," என்றான்.

"சொல்லுகதுக்கு என்ன இருக்கு. வழக்கமாக்கும்."

"சரி அண்ணாச்சி. ஈஸ்டரிலேருந்து ஒரு வாரம் பாப்போம். அப்பவும் காலின்னா என்ட்ட ஒண்ணும் பேசப்பிடாது."

மெஷின் பூட்டாத வாரம்

அந்த வாரம் ஓட்டி முடித்துவிட்டுச் சென்னைக்குப் போன் செய்தேன். அதற்குள் மற்ற ஊர்களில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்கு எங்கேயும் போகவில்லையாம். பாலத்தை உடைத்த செலவே திரும்பவில்லை என்று மேனேஜர் வருத்தப்பட்டார். "இனி அதைக் கேட்கிறவரே நீங்க ஒருத்தர்தான் சார்," என்று சொல்லி, ஈஸ்டர் கழிந்து ஒரு வாரம்வரை மெஷின் திறந்திருக்க ஏற்பாடு செய்தார். ஒரு நிபந்தனை, இடையில் நிறுத்தக் கூடாது.

அதனால் ஓட்டினேன். தினமும் நாலு காட்சி, காலித் தியேட்டருக்கு. ஆபரேட்டர் தங்கப்பன் பாலம் விழுகிற நேரத்தை வைத்து டீ குடிக்கப் போக ஆரம்பித்தான். பெரிய வெள்ளிக்கு மட்டும் பூட்டினேன். அதை எவன் கேட்டாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று பூட்டினேன்.

உண்மையில் எனக்குப் பயம்தான். சிடி வந்துவிட்டது. சந்தையில், பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில் பாலத்தைப் பற்றிப் பேசினார்கள். துணியை எடுத்ததும் அவள் தெருக்காரர்கள் முதலில் டிவியைப் போட்டுப் பார்த்துவிட மாட்டார்களா? வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறதை எதற்கு வேன் பிடித்து வந்து பார்க்க வேண்டும்?

ஈஸ்டர் ஞாயிறு மேட்னிக்கு ஒருத்தரும் வரவில்லை. மாலையும் இல்லை. விருந்து, உறவு, அசதி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அன்சார் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனான்.

திங்கள் மதியம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தேன். மீன் வண்டி ஹாரன் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றல்ல. மீன் வண்டி, வேன், டெம்போ, பின்னால் ஒரு மினி பஸ். கழுவிய ஐஸ் பெட்டி வண்டியில் பெஞ்சு போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையெல்லாம் மல்லிகை. பிள்ளைகள் புதுச் சட்டையில்.

"அண்ணாச்சி, அவனைப் புடிச்சி வச்சிருக்கீரா?" என்று வண்டியில் நின்றே கேட்டாள் பெர்னதம்மாள்.

"உள்ளதான் இருக்கான். நீதான் நேத்து வரல்ல."

"நேத்து எம் மருமவன் வீட்டு விருந்து. ஒம்ம படத்துக்காக ஆட்டுக் கறிய விடவா?"

தங்கப்பனை மெஷினைப் போடச் சொல்லிவிட்டு நானே டிக்கெட் கிழித்தேன். கீழே நிறைந்தது, பால்கனி நிறைந்தது. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்சார் எப்போது வந்தான் என்று தெரியாது. உள்ளே போனபோது கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். படம் தொடங்கி இருட்டாகிவிட்டது. தாமதமாக வந்த ஒரு கூட்டம் வழி தெரியாமல் தடுமாறியது.

பெர்னதம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏலே தம்பி, சும்மா நின்னு கொட்டாவி விடுறியா? ஆளுவ விழுந்துருவாவ. வெளிச்சம் காட்டுல."

நான் வாயைத் திறந்தேன். அன்சார் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய போனை எடுத்து, அதன் வெளிச்சத்தைத் தரையில் அடித்து, "இப்படி வாங்கம்மா, படி இருக்கு" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தான். இன்னொரு கூட்டம். மறுபடி போனான்.

பாலம் விழுந்தபோது கூட்டத்தின் கூச்சலில் ஸ்பீக்கர் சத்தமே கேட்கவில்லை. கடைசித் தூண் சரிந்ததும் பெர்னதம்மாளின் குரல் மட்டும் கேட்டது. "நாசமாப் போவான், இதக் கட்டுனவன் வயிறு எரியாதா?"

இடைவேளையில் அன்சாரும் நானும் சோடா கடைப் பக்கம் நின்றோம். அவன் சட்டை நனைந்திருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் பஞ்சு மிட்டாய்க்காக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஆடி மாசம் ஒங்க இந்து ஆளுவ கல்யாணம் பண்ணுவாங்களா?"

"மாட்டாங்க."

"மார்கழி?"

"மாட்டாங்க."

"எங்க நோன்புலயும் கெடையாது. தவசுலயும் கெடையாது." விரல் மடக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப மண்டபம் பாதி வருசம் என்ன செய்யும்?"

"சும்மா கெடக்கும்."

அவன் சோடாவைக் குடித்து முடித்தான். அந்தப் படத்தில் நான் போட்டது முழுதாகத் திரும்பவில்லை. ஒரு வாரம் முழுக்க நிறைந்தும் திரும்பவில்லை, திரும்பவும் செய்யாது. அவர்கள் உடைக்கிற பாலத்துக்கு என் நாற்காலிகள் ஈடாகாது. அது எனக்கு அப்போதே தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் அதைப் பேசவில்லை.

"குத்தகைப் பத்திரத்தை வெள்ளிக்கிழமை எழுதிருவோம். வாடகை, வாப்பா வாங்குன மாதிரியே," என்றான்.

மணி அடித்தது. ஆட்கள் உள்ளே திரும்ப ஆரம்பித்தார்கள். அடுத்த காட்சிக்கு வந்த வேன் ஒன்று வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. அன்சார் போனைச் சட்டைப் பையில் போடப் போனான்.

"உள்ள வச்சிராதே மக்கா," என்றேன். "இருட்டாயிரும்."